வராந்தாவில் நின்ற பெட்டி

பல்கலைக்கழக நிதிப் பிரிவில் நான் சேர்ந்த முதல் வருடம். நிதியாண்டு முடிய பத்து நாள் இருக்கும்போது ஒரு துறைக்கு அரசு மானியத்தின் கடைசித் தவணை வந்தது. செலவழிக்காவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். துறைத்தலைவர் கோப்பைக் கையோடு கொண்டுவந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். "தம்பி, இன்றைக்குள் ஆர்டர் போட்டாக வேண்டும்."

போட்டோம். கருவியும் வந்தது. மூலதனத் தலைப்பில், அதாவது கருவி வாங்கும் கணக்கில், அதை வாங்கப் பணம் இருந்தது. அது ஓட வேண்டிய அறைக்கு மின்இணைப்பு கொடுக்கப் பராமரிப்புத் தலைப்பில் பணம் இல்லை. ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட விதி விடாது. பெட்டி பதினான்கு மாதம் வராந்தாவிலேயே நின்றது. அதன் மேல் யாரோ பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். உத்தரவாதக் காலம் பெட்டிக்குள்ளேயே முடிந்துபோனது.

அரசுப் பணம் வந்தால் மெத்தனமும் கூடவே வரும் என்பார்கள். பாதி உண்மைதான். பல்கலைக்கழகங்கள் திரட்ட முடிந்ததையெல்லாம் திரட்டும், திரட்டியதையெல்லாம் செலவழிக்கும் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஹோவர்ட் போவன் 1980இலேயே எழுதிவிட்டார். ஆனால் எங்கள் கதையில், சிக்கனமாக இருந்து மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்த ஒரு துறைக்கு மறுவருடம் அந்த மிச்சத்தின் அளவுக்கே ஒதுக்கீடு வெட்டப்பட்டது. அப்புறம் அவர்கள் மிச்சம் பிடிக்கவே இல்லை. நானாக இருந்தாலும் பிடித்திருக்க மாட்டேன்.

செயல்திறனை அளக்க வருபவர்கள் பெரும்பாலும் 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் முன்வைத்த முறையைக் கையில் எடுப்பார்கள். குறைந்த செலவில் அதிகம் தருபவரை எல்லைக்கோடாக வைத்து, மற்றவர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் என்று கணக்கிடுவது. நல்ல முறைதான். ஆனால் வருடக் கணக்கை அப்படியே அதில் போட்டால், கருவி வாங்கிய வருடம் நாங்கள் ஊதாரிகள். ஆய்வுக் கட்டுரைகள் வெளிவரும் வருடம் கெட்டிக்காரர்கள். ஆட்கள் என்னவோ அதே ஆட்கள்.

சரி, விளைவுக்கு மட்டும் பணம் கொடுத்தால்? ஆஸ்திரேலியாவில் 1990களில் ஆய்வு நிதியில் ஒரு பகுதியைக் கட்டுரை எண்ணிக்கையைப் பார்த்துப் பிரித்தார்கள். எண்ணிக்கை ஏறியது, அந்த ஏற்றம் அதிகம் தெரிந்ததோ தாக்கம் குறைந்த இதழ்களில். டென்மார்க்கில் 1994 முதல் மாணவர் தேர்ச்சி பெறும் தேர்வுகளின் கணக்கில் கற்பித்தலுக்குப் பணம் வந்தது. தேர்வுத் தாளைத் திருத்துவது யார் என்றுதான் எனக்கு உடனே கேட்கத் தோன்றியது. கணக்குப் பிரிவுக்காரன் புத்தி.

எங்களுக்கு அடுத்த நிதியாண்டின் நடுவில் விதி மாறியது. தலைப்பு பிரிக்காத மொத்த மானியம்; மிச்சத்தில் ஒரு பங்கை மறுவருடத்துக்குக் கொண்டுபோகலாம். தொகை ஒரு காசு கூடவில்லை. அந்த வருடக் கடைசி வாரத்திலும் துறைத்தலைவர் வந்தார். கையில் கோப்பு இல்லை.

"வாங்க ஒன்றுமில்லை தம்பி. அந்த மின்இணைப்புக்கு எவ்வளவு ஆகும், பாருங்கள்."