‘கூசுகிறது’: ஒரு சொல்லும் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும்

2018 ஜனவரி தொடங்கி 14 மாதங்கள் தூத்துக்குடி மாவட்டத்து உப்பளங்களில் களப்பணி செய்தேன். முனைவர் பட்டத்துக்கான இனவரைவியல் ஆய்வு, அதாவது மக்களோடு நெடுநாள் உடனிருந்து அவர்கள் வாழ்வை எழுதும் ஆய்வு. அந்தக் களப்பணியிலிருந்து பிறந்த ஒரே ஒரு கட்டுரை, சமூக அறிவியல் ஆய்விதழ் ஒன்றில் அச்சேறியது 2021 டிசம்பரில். களத்தில் இருந்த காலத்தைவிட இருமடங்குக்கும் மேலான காலம் அந்தக் கட்டுரையோடு கழிந்திருக்கிறது. இதே பாதையில் இப்போது நடந்துகொண்டிருக்கும் ஆய்வு மாணவர்களுக்கு உதவும் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

அப்போது எங்களுக்கு நெருக்கடி ஒன்று இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், துறை அறிஞர்கள் படித்து மதிப்பாய்வு செய்த பிறகே கட்டுரைகளை வெளியிடும் இதழில் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும். 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது. ஆனால் நாங்கள் இருந்த நாட்களில், பணம் கட்டினால் பத்தே நாளில் வெளியிடுகிறோம் என்று வாரம் ஒரு மின்னஞ்சலாவது வரும். உதவித்தொகை நின்றுபோன ஒரு மாணவருக்கு அந்த மின்னஞ்சல் எவ்வளவு பெரிய ஆறுதலாகத் தெரியும் என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான். ஆனால் மதிப்பாய்வே இல்லாமல் அச்சேறும் கட்டுரையை யாரும் படித்துத் திருத்தப்போவதில்லை. களத்தில் நமக்காக நேரம் ஒதுக்கிப் பேசியவர்களுக்கு நாம் பட்ட கடன் அதோடு அடைபடாமலே போய்விடும்.

முதல் வரைவில் நான் செய்த தவறு, ஏறத்தாழ எல்லாரும் செய்வது. முதல் மூன்று பக்கங்களில் ஃபூக்கோ, பூர்தியூ என்று பிரெஞ்சுக் கோட்பாட்டாளர்களின் பெரிய பெயர்கள். அதன்பின் உப்பளம். அதன்பின் மீண்டும் பெரிய பெயர்கள். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களின் பேச்சு நடுவில் உதாரணமாக நின்றது. 2019 ஜூனில் அனுப்பினேன், மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் ஆசிரியர் மேசையிலேயே நின்றுவிட்டது. “விவரணை செறிவாக இருக்கிறது, வாதம் எது என்று தெரியவில்லை” என்பதே கடிதத்தின் சாரம். அன்று எனக்கு அது அநீதியாகப் பட்டது. இன்று படித்தால் நேர்மையான மதிப்பீடாகத் தெரிகிறது.

அந்த இடைவெளியில் செய்த ஒரு காரியம் மிகவும் பயன்பட்டது. 1957இல் தொடங்கிய ‘காண்ட்ரிப்யூஷன்ஸ் டு இந்தியன் சோசியாலஜி’ போன்ற இதழ்களின் பழைய தொகுதிகளை நூலகத்தில் எடுத்துவைத்துக்கொண்டு, உள்ளடக்கத்தை விட்டுவிட்டு அமைப்பை மட்டும் படித்தேன். முதல் களக்காட்சி எந்தப் பக்கத்தில் வருகிறது? எந்தப் பத்தியில் ஆசிரியர் தன் வாதத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார்? மேற்கோளாக வரும் பேச்சுக்குப் பின் எத்தனை வரி விளக்கம் எழுதுகிறார்? இதையெல்லாம் பென்சிலால் ஓரத்தில் குறித்தேன். எந்த வகுப்பிலும் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

செப்டம்பரில் வேறோர் இதழுக்கு அனுப்பினேன். எழுதியவர் யார் என்று மதிப்பாய்வாளருக்கும், மதிப்பாய்வாளர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாத முறை அங்கே. பெயரை நீக்கினால் மட்டும் போதாது. நன்றியுரை, “எனது முந்தைய கட்டுரையில்” போன்ற சொற்றொடர்கள், கோப்பின் பண்புகளில் தானாகப் பதிந்திருக்கும் பெயர் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். நான் கடைசியாகச் சொன்னதை மறந்துவிட்டேன். இதழ் அலுவலகம் கவனித்துத் திருப்பி அனுப்பியது.

ஏழு மாதம் காத்திருந்தேன். 2020 ஏப்ரலில், ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, முடிவு வந்தது: ‘பெரிய அளவில் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்’. அதை நிராகரிப்பு என்று எண்ணி அழுதுவிட்டேன். என் நெறியாளர் தொலைபேசியில், “இதுதான் நல்ல செய்தி. வேண்டாம் என்றால் இரண்டு வரியில் முடித்திருப்பார்கள். நான்கு பக்கம் எழுதியிருக்கிறார்கள் என்றால் உன் கட்டுரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்” என்றார்.

முதல் மதிப்பாய்வாளர் வருமானப் புள்ளிவிவரம் கேட்டிருந்தார். 60 குடும்பங்களிடமாவது கணக்கெடுப்பு நடத்தச் சொன்னார். ஊரின் வரைபடமும் வேண்டும் என்றார்.

இரண்டாமவரின் குறிப்புகளில் ஒன்றுதான் கட்டுரையின் திசையையே மாற்றியது. நான் பெண்களின் பேச்சை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டு, தமிழ் மூலத்தை அடிக்குறிப்பில் கொடுத்திருந்தேன். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது. “14ஆம் பக்கத்தில் கண்ணை உறுத்தும் ஒளி என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். 21ஆம் பக்கத்தில் வெட்கம் என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். அடிக்குறிப்பில் பார்த்தால் இரண்டு இடத்திலும் அந்தப் பெண் சொல்வது ஒரே சொல். ஏன் பிரித்தீர்கள்?”

அந்தச் சொல், ‘கூசுகிறது’.

குறிப்பேடுகளை எடுத்துத் தேடினேன். மொத்தம் 11 ஏடுகள். ஒவ்வொரு நாள் இரவும் கேட்ட சொல்லைக் கேட்டபடியே எழுதிவைக்கும் பழக்கத்தை நெறியாளர்தான் ஏற்படுத்தினார். 1970இல் ஸ்டான்ஃபோர்டில் நிகழ்ந்த தீவைப்பில், சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ், ராம்புரா கிராமத்துக் களக்குறிப்புகளிலிருந்து ஆண்டுக்கணக்கில் வகைப்படுத்தி வைத்திருந்த படிகள் எரிந்துபோன கதையை அவர் சொல்லாத ஆய்வு மாணவர் கிடையாது. அதனால் ஏடுகளையெல்லாம் அன்றன்றே படமெடுத்துச் சேமித்தும் வைத்திருந்தேன். தேடியபோது அந்தச் சொல் எங்கும் சிதறிக் கிடந்தது. உப்புப் பாத்தியில் கண் கூசுகிறது. மழைக்காலத்தில் கங்காணியிடம் முன்பணம் கேட்கக் கூசுகிறது. வெடித்த பாதத்தோடு கல்யாண வீட்டுக்குப் போகக் கூசுகிறது. கண் மருத்துவரிடம் என்ன வேலை என்று சொல்லக் கூசுகிறது. நான் இவற்றை ‘உடல்நலம்’, ‘கடன்’, ‘சாதி’ என்று தனித்தனித் தலைப்புகளில் பிரித்து அடுக்கியிருந்தேன். அவர்கள் பிரிக்கவில்லை.

ஊரடங்கைக் காரணம் காட்டி அவகாசம் கேட்டேன். ஆசிரியர் தயங்காமல் கொடுத்தார். கேட்டால் கொடுப்பார்கள், கேளுங்கள். 2021 மார்ச்சில் மீண்டும் அளத்துக்குப் போனேன்.

விடியும் முன்பே வேலை தொடங்கியிருந்தது. ஆண்கள் வாருபலகையால் பாத்தியில் விளைந்த உப்பை வரப்போரம் இழுத்துச் சேர்க்க, பெண்கள் அதைத் தலையில் சுமந்து தட்டுமேட்டில் அம்பாரமாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்குள் வெயில் ஏறிவிட்டது. நான் அத்தை என்று கூப்பிடும் பெண், அப்போது 52 வயது, பெட்டியை இறக்கிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “அத்தை, கண் கூசுவதும் கங்காணியிடம் கேட்கக் கூசுவதும் ஒன்றா?” என்று கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்தார். பிறகு பாத்தியைக் காட்டி, “மேலே பார், பிள்ளை” என்றார். வானத்தைப் பார்த்தேன். “இப்போது கீழே பார்.” உப்பின் வெண்மை கண்ணில் அறைந்தது. கையால் மறைத்துக்கொண்டேன். “வெயில் மேலேதான் இருக்கிறது. ஆனால் நிமிர்ந்து நிற்பவனுக்குக் கூசாது. குனிந்து வேலை செய்பவளுக்குத்தான் கூசும். கங்காணியிடமும் அப்படித்தான்.”

அந்த நான்கு வாக்கியங்களைச் சுற்றிக் கட்டுரையை முதலிலிருந்து எழுதினேன். பெரிய பெயர்கள் இரண்டு பத்தியாகச் சுருங்கி, 17ஆம் பக்கத்துக்குப் போய்விட்டன. சொல்லை மொழிபெயர்க்காமல் தமிழாகவே விட்டேன். ஒளியால் உடல் சுருங்குவதும், அதிகாரத்தின் முன் உடல் சுருங்குவதும் இந்த வேலையில் ஒரே அனுபவம் என்பதே வாதம். வெளியிலிருந்து ஒரு கோட்பாட்டைக் கொண்டுபோய்ச் சாத்தியிருந்தால் அதை நான் கண்டிருக்கவே மாட்டேன். தமிழில் பல்லும் கூசும், நாவும் கூசும், மெய்யும் கூசும். இவ்வளவு வளமான ஒரு சொல்லை அடிக்குறிப்பில் ஒளித்துவைத்திருந்தேனே என்பது இன்றும் எனக்கு ஆறாத வருத்தம்.

மதிப்பாய்வாளர்களுக்கான பதில் கடிதம் 14 பக்கம் ஆயிற்று. ஒவ்வொரு குறிப்பையும் எண்ணிட்டு, அப்படியே எடுத்தெழுதி, அதன்கீழ் என்ன மாற்றினேன், எந்தப் பக்கத்தில் என்று எழுதினேன். கணக்கெடுப்பை மட்டும் மறுத்தேன். 14 மாதம் உடனிருந்து பெற்ற அறிவை 60 வினாத்தாள்கள் மெய்ப்பிக்க வேண்டியதில்லை, இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடுபவை என்று காரணத்தோடு, மரியாதை குறையாமல் எழுதினேன். ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். மதிப்பாய்வாளர் சொன்னதையெல்லாம் தலையாட்டி ஏற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

வரைபடத்தில்தான் சிக்கல். அந்த ஊரில் இருப்பவர்கள் இரண்டே கங்காணிகள். ஊர் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும். ஆள் தெரிந்தால் அடுத்த மழைக்கு யாருக்கு முன்பணம் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஊர்ப் பெயரை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. அளத்தின் பரப்பு, கோயிலின் பெயர், நெடுஞ்சாலையிலிருந்து இருக்கும் தொலைவு எல்லாமே அடையாளம் காட்டும். எல்லாவற்றையும் கலைத்தேன். நான் எடுத்த நல்ல படங்களையும் விட்டுவிட்டேன். கடைசியில் மாவட்ட அளவிலான வரைபடம் ஒன்று போதும் என்று ஆசிரியர் இசைந்தார்.

ஆய்வில் பங்கேற்பவர்களிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். களத்தில் யாரும் கையெழுத்துப் போடச் சம்மதிக்கவில்லை. அவர்கள் அறிந்த கையெழுத்தும் கைநாட்டும் முன்பணக் கணக்கில் வைப்பவைதான். வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவு செய்ய எங்கள் நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தேன். இதழ் அந்த அனுமதிக் கடிதத்தின் எண்ணைக் கேட்டது. களத்துக்குப் போகும் முன்பே வாங்கிவைத்திராவிட்டால் கட்டுரை அங்கேயே நின்றிருக்கும்.

மாற்றுப்பெயர் வைக்கப்போகிறேன் என்றபோது அத்தைக்குக் கோபம் வந்தது. “பேச்சு என்னுடையது, பெயர் மட்டும் வேறு யாருடையதா?” நியாயமான கேள்வி. இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினோம். கங்காணியின் பெயரை எடுத்தபோதுதான் ஒத்துக்கொண்டார், அதுவும் ஒரு நிபந்தனையோடு. மாற்றுப்பெயரை அவரே வைப்பார். தன்னை வளர்த்த பாட்டியின் பெயரைச் சொன்னார். வேறு மாவட்டத்தில் வாழ்ந்து மறைந்தவர். உப்பளத்துப் பக்கம் அவரை அறிந்தவர் யாரும் இல்லை.

மே மாதம் மீண்டும் சமர்ப்பித்தேன். சிறு திருத்தங்களுக்குப் பின் ஆகஸ்டில் ஏற்புக் கடிதம் வந்தது. ஆய்வேட்டுக்கு அந்தக் கடிதமே போதும் என்று பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். நவம்பரில் மெய்ப்பு வந்தது, 48 மணி நேர அவகாசத்தில். மொழிநடையைச் செப்பனிட்டவர் எல்லா இடத்திலும் ‘கூசுகிறது’ என்பதற்குப் பக்கத்தில் ஆங்கில விளக்கம் சேர்த்திருந்தார். நல்லெண்ணத்தோடுதான் செய்திருக்கிறார். முதல் இடத்தில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கக் கேட்டேன், செய்தார்கள். யாரும் இலவசமாகப் படிக்க வேண்டுமானால் தனிக் கட்டணம் என்றார்கள். என் ஓராண்டு உதவித்தொகையை விழுங்கும் தொகை அது. கட்டவில்லை. இதழின் விதி அனுமதித்தபடி, ஏற்கப்பட்ட வரைவைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏற்றினேன்.

2022 தை முடிவில், கட்டுரையையும் நான் செய்த தமிழாக்கத்தையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனேன். வேலை தொடங்கும் நேரம், பாத்திகளை மிதித்துப் பதப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மதிய ஓய்வில் தகரக் கொட்டகை நிழலில் தமிழாக்கத்தை வாசித்தேன். ஆறு பெண்கள் கேட்டார்கள். மழைக்காலப் பகுதி வந்தபோது ஒருவர் எழுந்துபோய்விட்டார், பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வாசித்து முடித்ததும் அத்தை ஆங்கிலப் படியைக் கையில் வாங்கினார். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, “பாட்டி பெயர் எங்கே?” என்றார். காட்டினேன். அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு, “வேறு எங்கே?” என்றார். ஒன்பது இடங்களில் இருந்தது. ஒவ்வொன்றாகக் காட்டினேன்.