ஸ்வாலோ அசெஸ்மென்ட் பிராக்டிகல்: டம்ளரை எடுக்கும் முன்னால்

பாலக்காடு பக்கம் நர்சிங் படிக்கும் தம்பி, தங்கச்சிகளுக்காக எழுதுகிறேன். ஸ்வாலோ அசெஸ்மென்ட், அதாவது விழுங்கும் திறனைச் சோதிக்கும் பிராக்டிகலில் ஸ்ட்ரோக் நோயாளி வந்தால் எல்லோரும் முதலில் தண்ணீர் டம்ளரைத்தான் தேடுகிறார்கள். வேண்டாம். ஆள் நன்றாக முழித்திருக்கிறாரா, நிமிர்ந்து உட்கார முடிகிறதா, கடைவாயில் எச்சில் வழிகிறதா, இருமச் சொன்னால் பலமாக இருமுகிறாரா, இதையெல்லாம் பார்த்து வாயையும் சுத்தம் செய்த பிறகுதான் தண்ணீர். தூக்கக் கலக்கத்தில் இருந்தால் ஒரு சொட்டும் கூடாது. "இப்போது டெஸ்ட் செய்யக் கூடாது" என்று எக்ஸாமினரிடம் தைரியமாகச் சொல்லுங்கள், அதுவும் சரியான பதில்தான்.

எனக்குக் கிடைத்தவர் கொழிஞ்சாம்பாறைத் தாத்தா, தமிழ்தான் பேசுவார், எக்ஸாமினருக்கு மலையாளம், அதனால் இவரிடம் தமிழில் பேசிக்கொண்டே அவருக்கு மலையாளத்தில் விளக்கினேன். ஆள்காட்டி விரல் தாடைக்கு அடியில், நடுவிரல் நாக்கின் அடிப்பக்கம் கழுத்தில் இருக்கும் ஹையாய்டு எலும்பில், மற்ற இரண்டும் தைராய்டு குருத்தெலும்பின் (தொண்டையில் முன்னால் துருத்தும் குருத்தெலும்பு) மேலும் கீழும் வைத்தேன். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து "முழுங்குங்க தாத்தா" என்றேன். குரல்வளை ஏறி இறங்கியது விரலுக்குத் தெரிந்தது, இருமலும் இல்லை. அப்புறம் "ஆ" என்று நீட்டிச் சொல்லச் சொன்னால் குரல் கொளகொளவென்று ஈரமாக வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன். இருமாதவருக்கும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகலாம், அதுதான் சைலன்ட் ஆஸ்பிரேஷன், அதிலிருந்து நிமோனியா வரலாம். படுக்கையருகே செய்யும் டெஸ்டில் அதை உறுதியாகப் பிடிக்க முடியாது, பேரியம் கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரே வீடியோவான வீடியோஃப்ளூரோஸ்கோப்பியோ, மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் ஃபீஸ் (FEES) எண்டோஸ்கோப்பியோ வேண்டும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) காக் ரிஃப்ளெக்ஸ், அதாவது தொண்டையைத் தொட்டால் குமட்டுவது பற்றிக் கேட்டால், அது இருப்பதால் மட்டும் விழுங்குவது பாதுகாப்பு என்று சொல்ல முடியாது என்று சொல்லுங்கள். விழுங்குவதைப் படிப்படியாகச் சோதித்து மதிப்பெண் போடும் கஸ் (GUSS) ஸ்கேலில் மொத்தம் 20 மதிப்பெண். முதலில் எச்சில், அடுத்து கூழ் மாதிரி கெட்டியானது, பிறகுதான் தண்ணீர், கடைசியில் திட உணவு. 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கும் டெஸ்ட் வேறு, இரண்டையும் குழப்ப வேண்டாம்.

நோயாளிக்குத் துணையாக இருக்கும் பைஸ்டாண்டரிடம் கட்டாயம் பேசுங்கள். நம்ம பக்கம் உடம்பு முடியவில்லை என்றாலே கஞ்சிதான், ஆனால் தண்ணியும் பருக்கையுமாக இருக்கும் கஞ்சி இவர்களுக்கு ரொம்பச் சிரமம், பருக்கையை மெல்லும்போதே தண்ணி தொண்டைக்கு ஓடிவிடும். ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லும்வரை கஞ்சி, சாயா எதுவும் வாய் வழியாக வேண்டாம், மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வேறு வழியில் கொடுக்கலாம் என்று அவருக்குப் புரியும்படி சொல்லிவிட்டு, சார்ட்டிலும் எழுதிவிடுங்கள்.