முதல் 60 அடி: ஹயபூசாவோடு ஒரு டிராக் ரேஸ் சீசன்

பென்சில்வேனியாவில் ரெடிங் நகரத்துக்குப் பக்கத்தில் மேப்பிள் குரோவ் ரேஸ்வே இருக்கிறது. பந்தயம் இல்லாத 'டெஸ்ட் அண்ட் ட்யூன்' பயிற்சி நாட்களில் சாதாரண ஆட்களும் தங்கள் வண்டியைக் கொண்டுபோய் நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓட்டிப் பார்க்கலாம். என்னுடையது சுசுகியின் இரண்டாம் தலைமுறை ஹயபூசா பைக். 1340 சிசி, பெட்ரோல் போட்டு நிறுத்தினால் 260 கிலோவுக்குக் குறையாது. முன் சக்கரம் தூக்காமல் இருக்கப் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீட்டவில்லை, முன்பக்கத்தைத் தாழ்த்தவில்லை, சாலை டயர்தான். டிராக்‌ஷன் கண்ட்ரோல், லாஞ்ச் கண்ட்ரோல் போன்ற, பின் சக்கரம் வழுக்காமல் புறப்பட உதவும் மின்னணு வசதிகள் எல்லாம் 2021-இல் வந்த மூன்றாம் தலைமுறையோடுதான் வந்தன. என் வண்டியில் எல்லாமே கையும் உடம்பும் பார்த்துக்கொள்ள வேண்டியவை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டிராக்கில் தரும் நேரச் சீட்டுதான் டைம் ஸ்லிப். சீசன் தொடக்கத்தில் என் டைம் ஸ்லிப்பில் 10.78 விநாடி, கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 141 மைல். அக்டோபரில் 10.31 விநாடி, 142 மைல். இந்த இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பார்க்கத்தான் விஷயம் பிடிபடுகிறது. வேகம் ஒரே ஒரு மைல்தான் கூடியிருக்கிறது. அதையும் அக்டோபரின் குளிர்ந்த, அடர்த்தியான காற்று கொடுத்தது என்றே சொல்வேன். எஞ்சின் மாறவில்லை. ஆனாலும் கிட்டத்தட்ட அரை விநாடி குறைந்திருக்கிறது.

அது எங்கே குறைந்தது என்பது சீட்டிலேயே இருக்கிறது. முதல் 60 அடியைக் கடக்க முன்பு 2.04 விநாடி, இப்போது 1.80. அங்கே மிச்சமாகும் நேரம் கடைசி வரை கூடவே வரும், வழியில் கொஞ்சம் வளரவும் செய்யும்.

ஹயபூசாவின் இரு சக்கரங்களுக்கு நடுவே 1480 மில்லிமீட்டர்தான். அதன் மேல் ஆள் உட்கார்ந்ததும் எடையின் மையம் உயர்ந்துவிடுகிறது. முடுக்கம் ஏறக்குறைய புவியீர்ப்பு அளவைத் தொட்டதும் முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். அதற்கு மேல் எஞ்சினில் எத்தனை குதிரை இருந்தாலும் பயனில்லை. அந்த எல்லையிலேயே பிசகாமல் போனால் 60 அடி சுமார் 1.7 விநாடியில் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஆக, வண்டி கொடுக்கக்கூடியதில் பெரும்பகுதியை இப்போது வாங்கிவிட்டேன்.

வாங்குவது இடது கை. முதல் கியரே மணிக்கு 80 மைலைத் தாண்டிப் போகும் அளவுக்கு நீளம் என்பதால், கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் ஒன்று முன் சக்கரம் தூக்கும், இல்லை எஞ்சின் திணறும். 5000 ஆர்பிஎம்மில் த்ராட்டிலை நிறுத்தி, லீவரை அது பிடிக்கும் இடம் வரை விடுகிறேன். விட்டதும் முழுசாக விடுவதில்லை. வண்டி நகர ஆரம்பித்த பிறகும் லீவர் அங்கேயே, இரண்டு விரலின் அழுத்தத்தில், ஒரு மயிரிழை மயிரிழையாகத்தான் வெளியே போகிறது. வலது கை அதே நேரத்தில் திறந்துகொண்டே போகிறது. முன்பக்கம் லேசாகும் அந்த நொடியில் த்ராட்டிலை மூடக் கூடாது. மூடினால் சக்கரம் தொப்பென்று விழுந்து நேரம் போய்விடும். லீவரை ஒரு துளி உள்ளே இழுத்தால் போதும், முன்பக்கம் தானாகத் தாழும்.

உடம்பு டேங்க்கோடு ஒட்டியிருக்க வேண்டும்; நெஞ்சு டேங்க்கின் மேல், தாடை விண்ட்ஸ்கிரீனுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். கால்கள் இரண்டும் தரையை உரசியபடி வந்து, வண்டி நேராகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கால் வைக்கும் பெக்குக்கு ஏறுகின்றன. அவசரப்பட்டு ஒரு காலை மட்டும் தூக்கினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: ஸ்டார்ட் கோட்டுக்கு முன்னால், பின் டயரை நனைத்துச் சுழற்றிச் சூடாக்குவதற்காக இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் சாலை டயரோடு இறங்காதீர்கள், சுற்றிப் போங்கள். டயரின் கோடுகளில் ஏறும் தண்ணீர் அப்படியே ஸ்டார்ட் கோட்டுக்கு வந்துவிடும். காய்ந்த இடத்தில் பின் டயரை ஒரு சின்னச் சுழற்றல் போதும். பின் டயரில் சாலைக்கு 42 பிஎஸ்ஐ வைக்கிறேன், இங்கே 30-க்கு இறக்குகிறேன், வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி ஏற்றிவிடுகிறேன்.

அப்புறம் ஸ்டார்ட் கோட்டின் விளக்குகள். மஞ்சள் மூன்றும் அரை விநாடி இடைவெளியில் எரிந்து பச்சை வரும். ஆனால் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது பச்சையில் இல்லை, முன் சக்கரம் ஸ்டார்ட் கோட்டின் குறுக்கே போகும் ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதுதான். பந்தயம் இல்லாத நாளில் பச்சையைத் துரத்த வேண்டிய தேவையே இல்லை. இது புரிந்ததும் இடது கை அமைதியானது. 60 அடி நேரமும் அன்றிலிருந்துதான் இறங்கத் தொடங்கியது.

பிலடெல்ஃபியாக்காரரான டிராக் ரேஸ் வீரர் ரிக்கி காட்சன், கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள வண்டிகளை 9 விநாடிகளில் ஓட்டிக் காட்டியவர். அவர் ஓடும் வீடியோக்களில் நான் பார்ப்பது எஞ்சின் சத்தத்தை இல்லை, இடுப்பை. வண்டி கிளம்பும்போது அது அசைவதே இல்லை.

என்னுடைய அடுத்த வேலை, டைம் ஸ்லிப்பில் 330 அடி வரையிலான நேரத்தைக் காட்டும் வரி. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது முன்பக்கம் இன்னொரு முறை எழுகிறது, அங்கே இன்னும் நேரம் இருக்கிறது. குளிருக்கு டிராக் மூடிவிட்டார்கள். அதற்குள் கிளட்ச் பிளேட்டுகளைக் கழற்றி, தேய்மானம் அளந்து, ஆயிலை மாற்றி வைக்கிறேன்.