அக்கரையில் நின்ற அம்மா

வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு மலைக்கோட்டை ஏறுவது நினைத்ததுபோல் இல்லை. முப்பது படி தாண்டுவதற்குள் அடிச்சீப்பு கழுத்தில் இடிக்கத் தொடங்கிவிட்டது. காம்பு வெட்டிய இடத்திலிருந்து பால் கசிந்து ரவிக்கையின் தோள்பட்டையில் இறங்கியது. வாழைக்கறை, இனி அந்த ரவிக்கை வீட்டோடு சரி. "இப்படிக் கொடு, நான் தூக்குகிறேன்" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள் அம்மா. அவளுக்கு எழுபத்தொரு வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நான் கொடுக்கவில்லை. அவளும் கேட்பதை நிறுத்தவில்லை.

தம்பி மனைவிக்கு ஆனி மாதம் சுகப்பிரசவம் ஆனது. நல்லபடியாகப் பெற்றெடுத்தால் தாயுமானவருக்கு வாழைத்தார் வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். தம்பிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அதனால் தார் என் தோளுக்கு வந்தது.

கீழே மாணிக்க விநாயகருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஏறத் தொடங்கியிருந்தோம். உச்சிப்பிள்ளையார் வரை 417 படிகள். அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி, சுவரைப் பிடித்து, மூச்சு வாங்கி ஏறினாள். உட்காரச் சொன்னால், "உட்கார்ந்தால் எழ முடியாது" என்றாள். இது பழைய பாடம். ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் முப்பத்தோரு வருடம் ஆயாவாக இருந்தவள் அவள். இரவுப் பணியில் உட்காராமல் இருப்பதற்கு அவள் சொன்ன காரணமும் இதுதான்.

சின்ன வயதில் அம்மாவின் வேலை எங்களுக்குச் சாக்லேட் கணக்காகத்தான் தெரியும். குழந்தை பிறந்த வீட்டார் வார்டு முழுவதும் மிட்டாய் கொடுப்பார்கள். தன் பங்கை அவள் முந்தானையில் முடிந்து கொண்டுவருவாள். விடிந்ததும் நானும் தம்பியும் முடிச்சை அவிழ்த்து எண்ணுவோம். நான்கு இருந்தால் நான்கு குழந்தை. ஒன்றுமே இல்லாத நாளில் அம்மா நேராகக் குளியலறைக்குப் போய் வெகுநேரம் வெளியே வரமாட்டாள். அது ஏன் என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

சன்னிதியில் கூட்டம் அதிகமில்லை. பெரிய லிங்கம், மேற்குப் பார்த்தபடி. எங்களுக்கு முன்னால் ஓர் அம்மாள் தன் மருமகளுக்குத் தல புராணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகளுக்கு ஏழு மாதம் இருக்கும். ரத்னாவதி என்ற வணிகர் குலப் பெண்ணைத் திருச்சியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குப் பூம்புகாரிலிருந்து அவள் தாய் கிளம்பி வந்தாள். வழியில் காவிரியில் வெள்ளம். தாய் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இங்கே வலி எடுத்துவிட்டது. மகள் கதறி அழைக்க, சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேர்ந்தபோது வீட்டில் இரண்டு தாய்கள். ஒருத்தி மறைந்தாள். அதன் பிறகு செவ்வந்திநாதருக்குத் தாயுமானவர் என்ற பெயர் நிலைத்தது. சித்திரைத் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்று இந்தக் கதையை இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். அன்று கர்ப்பிணிகளுக்கு மருந்தும் கொடுப்பார்கள்.

அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "தலைப்பிரசவம். ஒற்றை ஆளாகப் பார்த்திருக்கிறார். கெட்டிக்காரர்தான்" என்றாள். கூட வேலை பார்த்தவரைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. "குளிப்பாட்டியதும் அவர்தானா?" என்று அடுத்த கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கதை எனக்குள் வேறோர் இடத்தைக் கிளறிவிட்டிருந்தது.

பத்தொன்பது வருடங்களுக்கு முன், என் மகள் பிறந்தபோது அம்மா என்னுடன் இல்லை. குறித்த நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே எனக்கு வலி கண்டுவிட்டது. நான் இருந்தது வேறு ஊர். அவளுக்கு அன்று இரவுப் பணி. மாற்று ஆள் வரவில்லை. வலியோடு படுத்திருந்த பெண்களை விட்டுவிட்டு அவளால் கிளம்ப முடியவில்லை. விடியற்காலை முதல் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது குழந்தை பிறந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. "ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கூட நின்றாய், எனக்கு வரவில்லையே" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. "உன் கையை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள்?" என்று மட்டும் கேட்டாள். ஓர் ஆயா என்றேன். உடனே வெளியே போனவள் அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள். பேத்தியைக்கூடத் தூக்காமல் எங்கே போய்விட்டாள் என்று எனக்கு அதற்கும் கோபம்.

குருக்கள் தாரை வாங்கி வைத்துவிட்டு, அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் கேட்டார். அம்மா பேரனுடையதைச் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கி இன்னொரு பெயரும் சொன்னாள். எங்கள் வீட்டில் அப்படி யாரும் கிடையாது. "நட்சத்திரம்?" என்றார் குருக்கள். "தெரியாது சாமி. பெயர் மட்டும்தான் தெரியும்" என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் அந்தப் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

மட்டுவார்குழலி அம்மையை வணங்கிவிட்டு வெளியே வந்ததும், யார் அது என்று கேட்டேன்.

"உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள்" என்றாள். "அன்றைக்குத் தேடிப்போய்ப் பெயர் கேட்டேன். இங்கே வரும்போதெல்லாம் சொல்கிறேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. பேச வந்திருந்தால்தானே.

அதற்குமேல் ஏற வேண்டாம் என்றால் அம்மா கேட்பவளா? உச்சிப்பிள்ளையாரைப் பார்க்காமல் இறங்குவது பாதி வீட்டைப் பெருக்கியதுபோல் என்றாள். போகும் வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகை இருக்கிறது. உள்ளே கங்கையைச் சடையில் ஏற்கும் கங்காதரர் சிற்பம். அத்தனை பெரிய ஆற்றைத் தலையில் தாங்கத் தெரிந்தவருக்குக் காவிரியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அந்தத் தாய்க்கு வழிவிடத் தெரியாதா என்று கேட்டேன். "ஒதுக்கியிருந்தால் அவருக்கு இந்த வேலை கிடைத்திருக்காதே" என்றாள் அம்மா.

உச்சியில் நல்ல காற்று. 83 மீட்டர் உயரப் பாறை. கீழே தெப்பக்குளம், நெருக்கியடித்த கடைவீதிகள். வடக்கே திருவரங்கத்தின் ராஜகோபுரம். ஆடி மாதமாதலால் காவிரி கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தோம். ஆம், அம்மா உட்கார்ந்தாள். சேலையை லேசாக உயர்த்தி முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே ஆற்றைப் பார்த்தாள்.

"எல்லாரும் வந்தவரைப் பற்றியே பேசுகிறார்கள்" என்றாள். "அக்கரையில் நின்றவள் அன்றைக்கு ராத்திரி என்ன பாடு பட்டாளோ. மருந்து, எண்ணெய், பழந்துணி எல்லாம் மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருப்பாள்."

முழங்காலில் இருந்த அவள் கையை விலக்கிவிட்டு நானே தேய்த்துவிட ஆரம்பித்தேன். மூட்டு கல்போல் வீங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அன்றைக்கு ராத்திரி எத்தனை பிரசவம் அம்மா?" என்று கேட்டேன். பத்தொன்பது வருடத்தில் அதை நான் கேட்டதே இல்லை.

அவள் யோசிக்கவே இல்லை. "மூன்று. இரண்டு பெண், ஒரு பையன். பையன் கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தான். அழ நேரமாகிவிட்டது. அவன் அழுத பிறகுதான் பஸ்ஸுக்கு ஓடினேன்."

பிறகு சொன்னாள், "மூன்று வீட்டாரும் சாக்லேட் கொடுத்தார்கள். வழியெல்லாம் முந்தானையில்தான் இருந்தது. நீ கோபமாக இருந்தாயா, கொடுக்க மறந்துவிட்டேன்."