49 வயதில் வேலையை விட்டேன், அந்த முடிவுக்கு வர 3 ஆண்டுகள் ஆயின

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணிக்கு போன் வந்தது. ஒரு உதிரிபாகம் வந்து சேரவில்லை, காலை ஷிஃப்டில் லைன் நின்றுவிடும் என்றார்கள். கொள்முதல் பிரிவில் 23 ஆண்டுகள் இருந்தவனுக்கு இது புதிதல்ல. முன்பெல்லாம் இப்படி ஒரு போன் வந்தால் யாரிடம் சரக்கு இருக்கும், யாரை எழுப்பினால் வண்டி கிளம்பும் என்று மூளை தானாக ஓடும். அன்று "சரி, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டில் ஓரத்தில் இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பதற்றம் இல்லை, கோபமும் இல்லை. நின்றால் நிற்கட்டும் என்று தோன்றியது. அந்த எண்ணம்தான் என்னைப் பயமுறுத்தியது.

அப்போது எனக்கு 46 வயது. அன்று இரவே ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதிவிட்டேன். உண்மையில் கொடுத்தது மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். அந்த மூன்று ஆண்டுகளும் வீண் போகவில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலையை விட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எவ்வளவு பணம் இருந்தால் போதும்?" என்பதுதான். அதற்கும் வருகிறேன். எனக்கு அதைவிடக் கடினமாக இருந்த கேள்வி வேறு. எனக்கு அலுத்தது இந்த வேலையா, இந்த அலுவலகமா, இல்லை சம்பளத்துக்கு உழைக்கும் வாழ்க்கையே அலுத்துவிட்டதா? மூன்றும் உள்ளிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதலில் மருத்துவரிடம் போனேன். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, மனச்சோர்வு எல்லாமே இதே அசதியைத் தரக்கூடியவை. உடம்பில் குறை இருக்கும்போது வேலையைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது அல்லவா? பரிசோதனைகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர்தான் 'பர்ன்அவுட்' என்ற சொல்லைச் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் அதை நோய் என்று குறிப்பிடவில்லை. வேலையிடத்தில் நீண்ட நாள் தீராமல் இருக்கும் அழுத்தத்தால் வரும் நிலை என்கிறார்கள். அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள்: ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, செய்கிற வேலையில் திறன் குறைந்ததாக உணர்வது. இரண்டாவதைப் படித்தபோது அந்தச் செவ்வாய் இரவு நினைவுக்கு வந்தது.

35 நாள் விடுப்பு எடுத்தேன். முதல் பத்து நாள் தூங்கியே கழிந்தது. அடுத்த பத்து நாள் எரிச்சல். வீட்டில் எல்லோரிடமும் சிடுசிடுத்தேன். நான்காவது வாரத்தில்தான் தலை தெளிந்தது. ஒருநாள் மாலை சும்மா உட்கார்ந்திருந்தபோது, பொருள் தரும் வெண்டர்களோடு பேரம் பேசுவதற்கும் ஒரு சிக்கலான பொருளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கும் மனம் ஏங்குவதைக் கவனித்தேன். அலுவலகத்தை நினைத்து ஏங்கவில்லை. மாதக் கடைசி அறிக்கைகளை நினைத்தால் வயிறு கலங்கியது. ஆக, தொழில் எனக்கு இன்னும் பிடித்தே இருந்தது.

அப்படியானால் இடத்தை மாற்றினால் போதுமோ என்று, திரும்பிப் போனதும் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். இரவு போன்கள் இல்லாத இடம். ஆறு மாதம் நன்றாகவே போனது. எட்டாவது மாதம் அதே கனம் வந்து தோளில் உட்கார்ந்தது. நல்ல மேலாளர், நல்ல சகாக்கள், நியாயமான நேரம், அப்படியும் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கே திங்கட்கிழமை தொடங்கிவிடும். என் நாட்களை இன்னொருவர் பங்கிட்டுத் தருவதுதான் எனக்குத் தீர்ந்துபோயிருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒன்றரை ஆண்டு ஆனது. வாரம் மூன்று நாள் வேலை கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு ஏற்பாடு அங்கே இல்லை.

சரி, பணத்துக்கு வருகிறேன். தொகை ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் விகிதமாகவே சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தின் ஆண்டுச் செலவு 100 என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கையிருப்பு 3,100 இருந்தது, அதாவது 31 மடங்கு. குடியிருக்கும் வீட்டையும் மகள் படிப்புக்கு ஒதுக்கியதையும் இதில் சேர்க்கவில்லை. படித்த வரையில் 25 மடங்கு இருந்தால் போதும் என்பார்கள். இந்த 25 எங்கிருந்து வந்தது தெரியுமா? வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து. முதல் ஆண்டில் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு ஒவ்வோர் ஆண்டும் அதே தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே போனால், அமெரிக்கச் சந்தையின் பழைய வரலாற்றில் மிக மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவருக்கும் பணம் 30 ஆண்டுகள் தாங்கியிருக்கும் என்று அவர் காட்டினார். 4 சதவீதம் என்றால் 25 மடங்கு. 1998-இல் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் செய்த ஆய்வு இதை மேலும் பரப்பியது.

இதில் எனக்கு உறுத்தியது அந்த 30 ஆண்டுகள். அறுபதைத் தாண்டி ஓய்வு பெறுபவருக்கு அது சரி. 49-இல் நிற்பவன் இன்னும் 40, 45 ஆண்டுகளுக்கு யோசிக்க வேண்டும். அதோடு அது ஒரே ஒரு நாட்டின் சந்தை வரலாறு. அதனால் 4-ஐ விட்டு 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொண்டேன். 32 மடங்கு வேண்டும். என்னிடம் 31 இருக்கிறதே, இன்னும் ஓராண்டில் முடித்துவிடலாம் என்று துள்ளினேன்.

அப்புறம்தான் உண்மையான செலவை எழுதத் தொடங்கினேன். ஒரு நோட்டுப் புத்தகம், நாள்தோறும் இரவு ஐந்து நிமிடம். இரண்டு ஆண்டுகள் விடாமல் எழுதினேன். மாதாமாதம் வரும் செலவுகளை நான் சரியாகத்தான் கணித்திருந்தேன். ஆண்டுக்கு ஒருமுறையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் வருபவைதான் என்னை ஏமாற்றியிருந்தன: காப்பீட்டுத் தவணை, வரி, கூரைக் கசிவு, பழுதான வாஷிங் மெஷின், பல் சிகிச்சை. எல்லாம் சேர்த்தால் ஆண்டுச் செலவு 128. வேலையை விட்டால் போக்குவரத்து, உடை என்று 11 குறையும். கம்பெனி தந்த மருத்துவக் காப்பீடு போய்விடும் என்பதால் அந்தப் பக்கம் 14 கூடும். மொத்தம் 131. நான் 31 மடங்கு என்று நம்பியது 24 மடங்குக்குக் கீழே போய்விட்டது. அந்தச் செவ்வாய் இரவே கடிதம் கொடுத்திருந்தால் அந்த நிலையில்தான் வெளியே வந்திருப்பேன்.

நோட்டை நானும் மனைவியுமாக உட்கார்ந்து பார்த்தோம். யாருக்கும் சந்தோஷம் தராத செலவுகளைத் தேடி நீக்கினோம். இரண்டாவது கார் போனது. 131 என்பது 115 ஆனது, அதற்குக் கீழே போனால் வாழ்க்கை சுருங்குகிறது என்று நிறுத்திக்கொண்டோம். சும்மா கிடந்த ஒரு மனையை விற்றோம். வீட்டுக் கடனின் கடைசித் தவணையும் அந்த ஆண்டே முடிந்தது. மூன்றாவது ஆண்டின் முடிவில் 32 மடங்கு கையில் நின்றது.

இன்னொரு விஷயத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டும். முதலீட்டின் சராசரி வருமானம் நல்லபடியாக இருந்தாலும், ஓய்வு பெற்ற முதல் சில ஆண்டுகளில் சந்தை விழுந்தால் கதையே மாறும். சேமிப்பு 100 இருக்கிறது, 30 சதவீதம் விழுகிறது, 70 மிஞ்சுகிறது. அதிலிருந்து செலவுக்கு 4 எடுத்தால் 66. பழைய 100-ஐத் தொட இனி 50 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். விழுந்த நேரத்தில் விற்காமல் இருப்பதுதான் தற்காப்பு. அதற்காக இரண்டு ஆண்டுச் செலவை வங்கி வைப்பில் தனியாகப் போட்டுவைத்தேன். விலைவாசியையும் மறக்கக் கூடாது. 72-ஐ விலையேற்ற விகிதத்தால் வகுத்தால் செலவு இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்று தோராயமாகத் தெரியும். 6 சதவீதம் என்றால் 12 ஆண்டு. 49-இல் 115 ஆக இருக்கும் செலவு 61-இல் 230, 73-இல் 460. பணத்தை முழுக்க வைப்பில் போட்டுப் பாதுகாப்பாக உணரலாம் என்ற நினைப்பு இந்தக் கணக்கைப் போட்டதும் போய்விட்டது.

கடைசி ஓராண்டு ஒத்திகை பார்த்தோம். சம்பளம் அப்படியே சேமிப்புக்குப் போகும். மாதத்தின் முதல் தேதி, ஓய்வுக்குப் பிறகு எடுக்கப்போகும் அதே தொகையை மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாற்றுவேன். நான்காவது மாதம் ஒரு பழுது வந்து கையைக் கடித்தது. ஐந்தாவது மாதத்தில் சமாளித்தோம். இந்த ஒத்திகையைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்கிறேன். காகிதத்தில் வராத பயமெல்லாம் இதில் வெளியே வந்துவிடும்.

மனைவியிடம் முதலில் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னாள்: "பணத்தைப் பத்தி எனக்குப் பயம் இல்லைங்க. காலையில எழுந்து நீங்க என்ன செய்வீங்கன்னு தெரியலையே, அதுதான் பயம்." அவளுக்கு அவள் வேலை பிடிக்கும், விடப்போவதில்லை என்றும் தெளிவாகச் சொன்னாள். அதனால் அவளுடைய சம்பளத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. என் ஓய்வுக்காக அவள் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் அது ஓய்வே இல்லை. அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் என்னிடம் அப்போது பதில் இல்லை. அப்பா என்னை ஏறிட்டுப் பார்த்து, "ஏம்பா, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்ன பிறகும் ஒரு வாரம் என்னைக் கவலையோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓய்வுக்கு ஒரு வயது இருக்கிறது என்ற எண்ணம் நமக்குள் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்று அப்போதுதான் உணர்ந்தேன். 1889-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது வயது வரம்பு 70. 1916-இல்தான் அதை 65 ஆக்கினார்கள். யாரோ ஒரு காலத்தில் ஒரு தேவைக்காக வைத்த எண்கள் இவை.

கடிதம் இரண்டே வரி. காரணம் எழுதவில்லை. கொடுப்பதற்கு முன்பே குடும்பத்துக்குத் தனி மருத்துவக் காப்பீடு எடுத்து ஓராண்டு ஆகியிருந்தது. பழைய நோய்களுக்கு உடனே பணம் தராமல் காத்திருப்புக் காலம் வைக்கும் பாலிசிகள் உண்டு என்பதால், இதை வேலையில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. மேலாளர் ஆறு மாதம் நீண்ட விடுப்பு தருகிறேன் என்றார். நல்ல மனதோடு சொன்னார், ஆனால் அந்தக் கேள்வியை நான் ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தேன். நோட்டீஸ் காலம் முழுவதும் எந்தப் பொருளுக்கு எந்த வெண்டர், யார் சொன்ன தேதியில் தருவார், யாரிடம் எதை எழுத்தில் வாங்க வேண்டும் என்று என் தலையில் இருந்ததையெல்லாம் எழுதிவைத்தேன். 140 பக்கம் வந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மனம் ஒன்றிச் செய்த வேலை அது.

வெளியே வந்த முதல் மூன்று மாதம் எளிதாக இல்லை. ஐந்தரைக்கு விழிப்பு வந்து கை போனைத் தேடும். புதிதாகச் சந்திப்பவர்கள் "என்ன செய்றீங்க?" என்று கேட்டால் நெஞ்சில் ஒரு வெற்றிடம். 26 ஆண்டுகளாகப் பெயருக்குப் பின்னால் ஒரு பதவி இருந்தது. அது இல்லாமல் என்னைச் சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை. மனைவி பயந்தது இதைத்தான். நான்காவது மாதம் சிறு தொழில் தொடங்கிய ஒருவர் கொள்முதல் பற்றிக் கேட்க வந்தார். ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசினோம். அப்புறம் இன்னும் இருவர் வந்தார்கள். இப்போது வாரம் இரண்டு காலை அவர்களுக்காக. காசு வாங்குவதில்லை, வேண்டாம் என்று தோன்றினால் அந்த வாரம் போவதும் இல்லை. அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப்போவது, அவசரமில்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் எந்தக் கணக்கிலும் நான் எழுதாத வரவு.

ஏழாவது மாதம் எங்கள் முதலீடு எட்டில் ஒரு பங்கு சரிந்தது. இரண்டு இரவு தூக்கம் கெட்டது உண்மை. விற்கவில்லை, வைப்பிலிருந்துதான் எடுத்தோம். முதல் ஆண்டுச் செலவு 115-க்குப் பதில் 118 வந்தது.

இரண்டாம் ஆண்டுக் கணக்கை வரும் மாதக் கடைசியில் போட வேண்டும். போன வாரம் என் நோட்டைத் தேடியபோது அலமாரியில் அதன் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. மனைவியின் கையெழுத்தில், மூன்று மாதச் செலவு, தேதி வாரியாக.

"நான் எப்ப விடலாம்னு பாத்துட்டு இருக்கேன்" என்றாள். "அவசரம் ஒண்ணும் இல்லை."