நிலம் ஹைவே மேல, வழி மட்டும் மண்ரோட்டுல

அமெரிக்கால கொலராடோ மாநிலத்துல கொஞ்சம் நிலம் வாங்கினோம்னு முன்னாடியே எழுதியிருந்தேன்ல, அதோட அடுத்த கட்டம் இது. நிலத்துக்கு முன்பக்கம் அப்படியே ஸ்டேட் ஹைவே, விளம்பரத்துல அதைத்தான் கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க, நானும் அதுல மயங்கித்தான் கையெழுத்து போட்டேன். பின்பக்கம் ஒரு கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) மண்ரோடு இருக்கு, அதை நான் ஒரு ஆளாவே மதிக்கல.

நம்ம நிலம், நம்ம வாசல்ல ரோடு, நாலு லோடு ஜல்லி கொட்டினா டிரைவ்வே, அதான் ரோட்டுலேர்ந்து நிலத்துக்குள்ள வண்டி போற பாதை, ரெடின்னு நெனச்சிட்டு இருந்தேன். பக்கத்து நிலத்துப் பெரியவர் வேலி ஓரமா நின்னு பேசிட்டு இருந்தப்ப "பெர்மிட் வந்துடுச்சா?"ன்னு சாதாரணமா கேட்டார், எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு. அப்பறம்தான் தெரியுது, தார் முடியிற இடத்துல நம்ம நிலம் ஆரம்பிக்கறதில்ல, நடுவுல புல்லும் பள்ளமுமா கிடக்கற அந்த பட்டை முழுக்க ஹைவேயோட ரைட் ஆஃப் வே, அதாவது ரோட்டுக்குன்னு ஒதுக்கின இடம். அதுல ஒரு கல்லு போடணும்னாலும் கேட்டுட்டுத்தான் போடணும்.

இந்த விஷயத்துல கொலராடோக்காரங்க பழைய ஆளுங்க. 1979லயே சட்டம் போட்டு, 1981ல ஸ்டேட் ஹைவே ஆக்சஸ் கோடுன்னு, ஹைவேலேர்ந்து யாருக்கு எங்க வழி விடலாம்னு விதிகளே கொண்டு வந்துட்டாங்க, ஃப்ளோரிடா 1988லயும் நியூஜெர்சி 1989லயும் சட்டம் போட்டது எல்லாம் அதுக்கப்பறம்தான். ஒவ்வொரு ஹைவேயையும் துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேட்டகரி கொடுத்திருக்காங்க, எங்க எவ்ளோ வழி விடலாம்னு அதை வச்சுத்தான் முடிவு. அப்ளிகேஷன் முழுசா கைக்கு வந்தா 45 நாளுக்குள்ள பதில் சொல்லணும், பெர்மிட் வாங்கிட்டு ஒரு வருஷத்துல வேலையை ஆரம்பிக்கலன்னா அது காலாவதி.

நானும் அப்ளிகேஷன் போட்டேன். பதில் வர்றதுக்கு முன்னாடி இடத்தை பாக்க அங்கேர்ந்து ஒருத்தர் வந்தார், ஆரஞ்சு ஜாக்கெட், கையில அளக்கற சக்கரம். நான் காட்டின இடத்துல ரோட்டு ஓரத்துலேர்ந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு முட்டி போட்டு உக்காந்தார். என்னடா இது, வேண்டுதலான்னு பாத்தேன், கார்ல உக்காந்திருக்கறவரோட கண்ணு தரையிலேர்ந்து மூணரை அடி உயரத்துலதான் இருக்குமாம், அதான். என்னையும் உக்கார சொன்னார். நின்னா தெரிஞ்ச ரோடு உக்காந்தா பாதி காணோம், இடதுபக்கம் ஒரு சின்ன மேடு, அதுக்கு அந்தப்பக்கம் வர்ற லாரியோட கூரை கூட தெரியல. சக்கரத்தை உருட்டிட்டே போய் பாத்தா மேடு 380 அடில. 55 மைல் வேகத்துல வர்ற வண்டி ஒரு செகண்டுக்கு 80 அடி ஓடும், அப்ப மேட்டுல தலை காட்டினதுலேர்ந்து நான் கேட்ட வழி வரைக்கும் அஞ்சு செகண்டு கூட இல்ல. ஒரு சாதாரண கார் நின்ன இடத்துலேர்ந்து கிளம்பி ரெண்டு லேன் ரோட்டுல இடதுபக்கம் திரும்ப ஏழரை செகண்டு இடைவெளி வேணும்னு அமெரிக்கா முழுக்க ரோடு டிசைனுக்கு வச்சிருக்கற கணக்கு, அதாவது 600 அடிக்கு மேல. என் பொண்ணு லைசென்ஸ் வாங்கப்போற வயசு. அதுக்கு மேல நான் வாதாடவே இல்ல.

ஆனா பதில் வந்தப்ப மேட்டை விட பெரிய காரணம் வேற இருந்துச்சு. நிலத்துக்கு ஒரு நியாயமான வழி கெடைக்கணும், அது உரிமை, ஆனா ஹைவேலேர்ந்து நேராத்தான் வேணும்னு கேக்க முடியாது, பின்னாடி கவுன்ட்டி ரோடு இருக்குல்ல, அங்க போய்க்கோங்கன்னுட்டாங்க. கோபம் வந்துச்சுதான். அப்பறம் யோசிச்சு பாத்தா, ரெண்டு பக்கமும் திரும்பற மாதிரி ஒரு டிரைவ்வே போட்டா வண்டிங்க ஒண்ணோட ஒண்ணு மோதிக்க 9 இடம் உருவாகுது, வலதுபக்கம் மட்டும் திரும்பி உள்ள வரலாம், வெளிய போகலாம்னா 2தான். நாங்க, பக்கத்து பெரியவர், அவருக்கு அடுத்தவர்னு ஆளாளுக்கு ஒண்ணு கேட்டா அது ஹைவேயே இல்ல, தெருதான்.

எனக்கு பொறுக்காத ஒண்ணு, கொஞ்ச தூரத்துல ஒரு பழைய கடை, ஒரே முகப்புல மூணு வழி, எவன் எங்கேர்ந்து வெளிய வருவான்னே தெரியாது. அது அந்த காலத்து வழி, அப்படியே ஓடுது. தொழிலை மாத்தியோ பெருசாக்கியோ வர்ற போற வண்டி 20 சதவீதமோ அதுக்கு மேலயோ கூடினா அவங்க புதுசா பெர்மிட் கேக்கணும், அது வரைக்கும் நாமதான் பிரேக்கை மிதிச்சிக்கணும்.

இப்ப மண்ரோட்டு பக்கம் வேலை நடக்குது. அதுக்கு கவுன்ட்டியில தனி பெர்மிட், பள்ளத்துல தண்ணி ஓட அடியில ஒரு குழாய் வேற பதிக்கணும். நேத்து ஜல்லி லாரிக்காரர் ஃபோன் பண்ணினார், மேப்பு அவரை ஹைவே பக்கம் கூட்டிட்டு வந்து நிறுத்திடுச்சு, "சார், அட்ரஸ் இங்கதான் காட்டுது, கேட்டையே காணோமே"ங்கறார். பின்னாடி சுத்தி வாங்கன்னு வழி சொல்லிட்டு, கையோட மேப்புல மாத்த சொல்லி எழுதிப்போட்டிருக்கேன்.