பேரிங் டப்பாவில் ஒரு பீப்பாய்க்காரர்

மெக்கானிக் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். புது பேரிங் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு ஜாக்கியைத் தேடப் போனான் பையன்.

கிரீஸ் விரல்ரேகை பதிந்த அட்டையில் ஒரு பெயர்: ஷேஃப்லர்.

1946இல் அந்தக் கம்பெனியைத் தொடங்கிய அண்ணன் தம்பியின் குடும்பப் பெயர் அது. தெற்கு ஜெர்மனியின் பவேரியப் பேச்சில் 'ஷாஃப்' என்றால் மரத்தொட்டி. அதைச் செய்கிறவர், பீப்பாய் கட்டுகிறவர், ஷேஃப்லர். மியூனிக் நகர மன்றக் கடிகாரக் கோபுரத்தில் இன்றும் ஷேஃப்லர் பொம்மைகள் சுற்றிச் சுற்றி ஆடுகின்றன.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஒரே தொழிலுக்கு ஜெர்மனியில் பக்கத்துக்கு ஒரு பெயர். கிழக்கிலும் வடக்கிலும் பெட்ச்சர். ஃபிராங்கோனியாவில் பியூட்னர். ரைன் நதிப் பக்கம் ஃபாஸ்பிண்டர். இடைக்காலத்தில் தொழில் பெயர் அப்படியே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. தொழில் அருகிவிட்டது, பெயர்கள் இன்னும் பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்திலேயே அடர்த்தியாகக் கிடக்கின்றன.

நடிகர் மைக்கேல் ஃபாஸ்பெண்டர்கூட, பெயரளவில், பீப்பாய்க்காரர் வீட்டுப் பிள்ளைதான்.

(நம் 'பீப்பாய்' மட்டும் என்ன? போர்த்துக்கீசியர் இறக்கிவிட்டுப் போன சொல்.)

"அண்ணே, டப்பாவக் குடுங்க."

பிரித்தான். உள்ளே பளபளவென்று ஓர் இரும்பு வளையம். பீப்பாய்க்குப் போடும் பட்டையைச் சின்னதாக்கினது மாதிரியே இருந்தது.